பள்ளிக்கூடத்துப் பணம் யார் பெட்டியில்? வடக்கு டகோட்டா 1919: ஒரு சட்டப் பிரிவின் கதை

1919 பிப்ரவரியில் அமெரிக்காவின் வடக்கு டகோட்டா மாநிலச் சட்டமன்றம் ஒரு வங்கியை ஏற்படுத்தச் சட்டம் இயற்றியது. அதில் ஒரு பிரிவு: மாநில அரசின் பணம், கவுண்டிகளின் பணம், நகரசபைகளின் பணம், பள்ளி மாவட்டங்களின் பணம் எல்லாம் இனி இந்த வங்கியில்தான் போடப்பட வேண்டும். இருபத்தோரு மாதங்கள் கழித்து, 1920 நவம்பரில், வாக்காளர்கள் அந்தப் பிரிவை வெட்டி எறிந்தார்கள். அதே நாள் அதே வாக்குச்சாவடிகளில், அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்த ஆளுநரை மறுபடி தேர்ந்தெடுக்கவும் செய்தார்கள். அடுத்த ஆண்டு அந்த ஆளுநரையும் பதவியிலிருந்து இறக்கினார்கள். வங்கியை மட்டும் மூட மறுத்தார்கள். அந்த வங்கி இன்றும் பிஸ்மார்க் நகரில் இருக்கிறது.

இடதுசாரி வரலாறுகளில் இந்த வங்கி ஒரு வெற்றிக் கதையாகவும், வலதுசாரிச் சொல்லாடலில் ஒரு விநோதமாகவும் வந்து போகிறது. பிடுங்கப்பட்ட அந்தப் பிரிவைப் பற்றி இரு தரப்பும் அதிகம் பேசுவதில்லை. பள்ளிக்கூடத்துப் பணத்தை எங்கே வைப்பது என்பது வெறும் கணக்குப்பிள்ளை வேலைதானே, இதில் என்ன அரசியல் வாழ்கிறது என்று கேட்கலாம். கோயில் கொடைப் பணம் யார் வீட்டுப் பெட்டியில் இருக்கிறது, சாவி யார் இடுப்பில் தொங்குகிறது என்பதற்காகவே ஊர் இரண்டாகப் பிரிந்ததைப் பார்த்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள்.

முதலில் இந்தப் 'பள்ளி மாவட்டம்' என்பதைச் சொல்லிவிட வேண்டும். நம்முடைய வருவாய் மாவட்டத்தோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அமெரிக்காவில் பள்ளிக்கூடங்களை நடத்துவதற்கென்றே தனியாக இருக்கும் உள்ளாட்சி அமைப்பு அது. தனக்கென்று தேர்தல், தனக்கென்று உறுப்பினர் குழு, பெரும்பாலான இடங்களில் தனக்கென்று சொத்துவரி விதிக்கும் உரிமை. அந்தக் காலத்து டகோட்டாவில் பல பள்ளி மாவட்டங்கள் ஓரறைப் பள்ளிக்கூடங்கள் சிலவற்றை வைத்துக்கொண்டு காலம் தள்ளியவை. குழுவில் இருந்தவர்கள் கோதுமை விவசாயிகள், கடைக்காரர்கள், உள்ளூர் வங்கிக்காரர்கள்.

வரி ஆண்டில் சில தவணைகளில் மொத்தமாக வரும். செலவோ மாதாமாதம். ஆக எந்த நேரத்திலும் ஒரு தொகை சும்மா கிடக்கும். சும்மா கிடக்கும் என்பது பள்ளிக்கூடத்தின் பார்வையில்தான். வங்கியின் பார்வையில் அது சும்மா கிடக்காது. வைப்புத்தொகையை ஆதாரமாக வைத்துத்தான் வங்கி கடன் கொடுக்கிறது, வட்டி சம்பாதிக்கிறது. ஒரு சிற்றூரில் தனிமனிதர்களின் சேமிப்பு குறைவு. அங்கே பொதுப்பணம்தான் பெரிய கணக்கு. அந்தக் கணக்கு எந்த வங்கிக்குப் போகிறதோ அந்த வங்கிதான் அந்த வருஷம் யாருக்கு விதைக்கடன், யாருக்கு இல்லை என்று தீர்மானிக்கும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இதற்கென்று ஒழுங்கான விதிகள் பல இடங்களில் இல்லை. பொருளாளர் பணத்தைத் தனக்குப் பிடித்த வங்கியில் போடுவார். பணம் தொலைந்தால் அவரும் அவருக்கு ஜாமீன் நின்றவர்களும் பொறுப்பு. தொலையாதவரை வட்டி எங்கே போனது என்று யாரும் கேட்பதில்லை. இலினாய் மாநிலத்தின் லென் ஸ்மால் கதை இதில் கொஞ்சம் ருசியானது. மாநிலப் பொருளாளராக இருந்தபோது அரசுப் பணத்தை உண்மையில் இயங்காத ஒரு வங்கியின் பெயரில் வைத்து, அதை இறைச்சி நிறுவனங்களுக்குக் கூடுதல் வட்டிக்கு விட்டு, குறைந்த வட்டியை மட்டும் கஜானாவில் காட்டியதாகக் குற்றச்சாட்டு. 1921ல் குற்றம் சாட்டப்பட்டபோது அவர் மாநில ஆளுநர். 1922ல் ஜூரிகள் விடுதலை செய்தார்கள். ஜூரிகள் சிலருக்குப் பிறகு மாநில அரசு வேலை கிடைத்தது. சிவில் வழக்கில் மட்டும் ஆறரை லட்சம் டாலர் கட்டி முடித்துக்கொண்டார்.

இத்தகைய கூத்துகளுக்கு எதிராகத்தான் 'வைப்பு வங்கிச் சட்டங்கள்' மாநிலம் மாநிலமாக வந்தன. ஏலக்கேள்வி கேள்; அதிக வட்டி தருபவனுக்குக் கொடு; ஈட்டுப் பத்திரம் வாங்கிக்கொள்; வட்டி பள்ளிக்கூடத்துக்கே சேர வேண்டும். நல்ல சட்டங்கள்தான், சந்தேகமில்லை. ஆனால் இந்தச் சீர்திருத்தச் சொல்லாடல் பிரச்சினையை 'ஊழல்' என்று மட்டுமே வரையறுத்தது. பொருளாளர் யோக்கியனாக இருந்தால் போதும், பிறகு பணம் எந்த வங்கியில் இருந்தாலும் ஒன்றுதான் என்பது அதன் அடிப்படை. டெக்சாஸ் கல்விச் சட்டத்தில் ஒரு சுவாரஸ்யமான ஏற்பாடு உண்டு. பள்ளி மாவட்டக் குழு உறுப்பினர் ஒருவர் ஏலம் கேட்கும் வங்கியில் பங்குதாரராகவோ அதிகாரியாகவோ இருந்தால் அதனால் அந்த வங்கி தகுதியிழந்துவிடாது. தேர்வின்போது அவர் வாக்களிக்காமல் இருந்தால் போதும். பள்ளிக் குழுக்காரரும் வங்கிக்காரரும் ஒரே ஆளாக இருப்பது இயல்பு என்று சட்டமே ஒப்புக்கொள்கிறது. சிற்றூர் அமெரிக்காவின் வர்க்க அமைப்பைப் பற்றி எத்தனையோ ஆய்வுகள் சொல்லாததை இந்த ஒரு வரி சொல்லிவிடுகிறது என்பேன்.

வடக்கு டகோட்டாவின் விவசாயிகள் கேட்ட கேள்வி வேறு.

அவர்களுடைய கோதுமையை மினியாபொலிஸ் தானியச் சந்தை விலை போட்டது. மினியாபொலிஸ் ஆலைகள் அரைத்தன. மினசோட்டாவைத் தலைமையிடமாகக் கொண்ட ரயில் கம்பெனிகள் ஏற்றிச்சென்றன. கடன் கொடுத்த உள்ளூர் வங்கிகளுக்குப் பின்னாலும் மினியாபொலிஸ், செயின்ட் பால் நகரங்களின் வங்கிகள். மாநிலத்துக்கே சொந்தமான தானியக் கிடங்கு வேண்டும் என்று வாக்காளர்கள் தீர்மானித்ததை 1915ல் சட்டமன்றம் ஒதுக்கித் தள்ளியது. முறையிட வந்த விவசாயிகளிடம் ஓர் உறுப்பினர், வீட்டுக்குப் போய்ப் பன்றிக்குத் தீவனம் வையுங்கள் என்று சொன்னதாக ஒரு கதை. அவர் அப்படிச் சொல்லவே இல்லை என்று மறுத்தார். சொன்னாரோ இல்லையோ, கேட்டவர்கள் காதில் அப்படித்தான் விழுந்திருக்கிறது. ஒரு இயக்கத்துக்கு அது போதும்.

அந்த ஆண்டுதான் ஆர்தர் டவுன்லி 'கட்சிசாரா லீக்' என்ற அமைப்பைத் தொடங்கினார். ஆளிவிதை பயிரிட்டுத் திவாலானவர். சோஷலிஸ்டுக் கட்சியில் வேலைபார்த்தவர். லீக்கின் அமைப்பாளர்கள் ஃபோர்டு காரில் பண்ணை பண்ணையாகப் போய்ச் சந்தா பிடித்தார்கள். கையிலே காசு இல்லாத விவசாயியிடம், அறுவடைக்குப் பிந்திய தேதி போட்ட காசோலையை வாங்கிக்கொண்டார்கள். இயக்கம் முதல் நாளிலிருந்தே வங்கியோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது இதனால்தான்: அந்தக் காசோலைகளை எந்த வங்கி ஏற்கும்? ஃபார்கோ நகரின் ஸ்காண்டினேவியன் அமெரிக்கன் வங்கி ஏற்றது; அந்தக் காசோலைகளை ஈடாக வைத்துக் கடன் கொடுத்தது. 1919 அக்டோபரில் அதிகாரிகள் அந்த வங்கியை மூடியபோது லீக்கின் குரல்வளையைப் பிடித்ததாகவே அது கொள்ளப்பட்டது. மாநில உச்ச நீதிமன்றம் அதைத் திறக்கச் சொன்னது. 1921ல் அது நிரந்தரமாக மூடிக்கொண்டது.

1916ல் லீக் நிறுத்திய லின் ஃப்ரேசியர் என்ற விவசாயி ஆளுநரானார். 1918 தேர்தலில் சட்டமன்றத்தின் இரு அவைகளும் லீக்கின் கைக்கு வந்தன. அடுத்த பிப்ரவரியில் சட்டங்கள் மளமளவென்று வந்தன: மாநில ஆலை, தானியக் கிடங்கு, ஆலங்கட்டி மழைக் காப்பீடு, வீடு கட்டும் சங்கம், படிநிலை வருமான வரி. எல்லாவற்றுக்கும் நடுவில் வங்கி. ஆளுநர், அட்டர்னி ஜெனரல், விவசாய-தொழிலாளர் ஆணையர் மூவரும் கொண்ட தொழில் ஆணையம் அதை நடத்தும். மூலதனம் 20 லட்சம் டாலர், கடன் பத்திரங்கள் மூலம். 1919 ஜூனில் எதிர்த்தரப்பு வங்கிச் சட்டத்தை மக்கள் வாக்கெடுப்புக்கு இழுத்தது, சட்டம் தேறியது. ஜூலை 28ஆம் தேதி வங்கி திறக்கப்பட்டது.

இப்போது அந்தப் பிரிவுக்கு வருவோம். கிழக்கத்திய பத்திரச் சந்தை டகோட்டாவின் கடன் பத்திரங்களைச் சீண்டவில்லை. சோஷலிஸ்டு மாநிலத்துக்கு யார் கடன் கொடுப்பார்? ஆகவே வங்கியின் உயிர், வைப்புத்தொகையில் இருந்தது. அதிலும் தானாக வந்து சேரும் வைப்புத்தொகையில். பள்ளி மாவட்டங்களின் பணம் கட்டாயமாக வந்து சேர வேண்டும் என்ற பிரிவு லீக்கின் பேராசையால் வந்ததன்று. அதுதான் வங்கியின் அஸ்திவாரம். ஊர் ஊராகச் சிதறிக்கிடந்த வரிப்பணத்தை ஒரே இடத்தில் குவித்தால் மினியாபொலிஸ் வங்கிகளின் தயவில்லாமல் பண்ணை அடமானக் கடன் கொடுக்கலாம் என்பது கணக்கு. கோட்பாட்டு மொழியில் சொன்னால், நிதி மூலதனத்துக்கு எதிராகப் பொதுப்பணத்தையே ஒரு வர்க்கத்தின் ஆயுதமாகத் திரட்டிய முயற்சி. விவசாயிகளின் மொழியில் சொன்னால், நம்ம காசு நம்மகிட்டயே இருக்கட்டும்.

'நம்ம' என்ற அந்தச் சொல்லில்தான் சிக்கல். யார் அந்த நாம்? மாநிலமா, ஊரா?

பிஸ்மார்க் வங்கி குவிந்த பணத்தை எல்லாம் தன்னிடமே வைத்துக்கொள்ளவில்லை. அதில் பெரும் பங்கைத் திரும்பவும் சிற்றூர் வங்கிகளிலேயே வைப்பாகப் போட்டது. ஊரிலிருந்து வண்டி ஏறிய பணம் பிஸ்மார்க் போய் அதே ஊருக்குத் திரும்பி வந்தது என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் திரும்பும்போது அது பிஸ்மார்க்கின் பணம். எந்த ஊர் வங்கிக்கு எவ்வளவு, எப்போது திரும்பக் கேட்பது என்பது இப்போது தொழில் ஆணையத்தின் விருப்பம். நேற்றுவரை பள்ளிக் குழுவைத் தன் முன்னால் உட்கார வைத்திருந்த வங்கிக்காரர் இன்று தலைநகருக்குக் கடிதம் எழுதிக் காத்திருக்க வேண்டும். அதிகாரம் இடம் மாறியது. பள்ளி மாவட்டத்தின் கைக்கு மட்டும் அது வரவில்லை. முன்பு ஊர் வங்கி. இப்போது மாநில வங்கி. ஓரறைப் பள்ளிக்கூடத்தின் குழு இரண்டு முறையும் பணத்தைக் கொண்டுபோய்க் கொடுப்பவராகவே இருந்தது.

லீக் கல்வியை எப்படிப் பார்த்தது என்பதற்கு இன்னொரு சாட்சி இருக்கிறது. வடக்கு டகோட்டாவில் பெண்களுக்கு முழு வாக்குரிமை வருவதற்கு வெகு முன்பே, 1889 அரசியலமைப்பிலேயே, பள்ளித் தேர்தல்களில் மட்டும் வாக்களிக்கும் உரிமை இருந்தது. 1892ல் லாரா ஐசன்ஹூத் மாநிலக் கல்விக் கண்காணிப்பாளராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அமெரிக்காவில் மாநில அளவிலான பதவிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பெண் அவர். ஆண்களின் அரசியலுக்கு வெளியே தள்ளப்பட்ட பெண்கள் பள்ளிக்கூடம் என்ற அந்தச் சிறு இடத்தில் குடிமக்களாக இருந்தார்கள். 1918 தேர்தலில் லீக் எல்லாவற்றையும் வென்றது. இந்தக் கண்காணிப்பாளர் பதவியை மட்டும் தோற்றது. லீக்கின் நீல் மெக்டொனால்டைத் தோற்கடித்து மின்னி நீல்சன் வந்தார். உடனே 1919ல் லீக் சட்டமன்றம் நிர்வாக வாரியம் என்று ஒன்றை உண்டாக்கி, கண்காணிப்பாளரின் அதிகாரங்களில் பெரும்பகுதியை அதற்கு மாற்றிவிட்டது.

லீக் அபிமானிகள் இதை நியாயப்படுத்துவார்கள். மெக்டொனால்ட் கிராமப்புறப் பள்ளிகளை மேம்படுத்த உழைத்தவர், நீல்சன் எதிர்த்தரப்பின் கையாள், என்பார்கள். இருக்கலாம். ஆனால் பெண்கள் வாக்களிக்கக்கூடிய பதவி ஒன்று தமக்குப் பிடிக்காத முடிவைத் தந்ததும் அந்தப் பதவியையே காலியாக்கிவிட்டதை முற்போக்கு என்ற சொல்லால் மூடிவிட முடியாது. பள்ளிப் பணமும் பள்ளி நிர்வாகமும் ஒரே சட்டமன்றக் கூட்டத்தொடரில் மேல்நோக்கி இழுக்கப்பட்டன. இரண்டையும் சேர்த்து வாசிக்க வேண்டும் என்பது என் துணிபு. வங்கிச் சட்டத்தை எழுதியவர்களுக்குப் பள்ளி மாவட்டம் ஒரு ஜனநாயக அமைப்பாகத் தெரியவில்லை. வைப்புத்தொகை ஊறும் கிணறாகத் தெரிந்திருக்கிறது.

1920 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் க்ரீன் எதிர் ஃப்ரேசியர் வழக்கில் தீர்ப்பு வழங்கியது. எங்கள் வரிப்பணத்தில் வங்கியும் ஆலையும் நடத்துவது பொதுநோக்கமாகாது என்று வழக்குப் போட்டவர்கள் வரி கட்டும் குடிமக்கள். மாநில மக்கள் தாங்களே இதைப் பொதுநோக்கம் என்று தீர்மானித்திருக்கிறார்கள், நாங்கள் குறுக்கிட மாட்டோம் என்று நீதிபதிகள் ஒருமனதாகச் சொல்லிவிட்டார்கள். நீதிமன்றக் கதவு மூடியதும் எதிர்த்தரப்பான சுயேச்சை வாக்காளர் சங்கம், லீக்கே வளர்த்துவிட்ட இன்னொரு கருவியைக் கையில் எடுத்தது: மக்களே சட்டம் முன்மொழியும் உரிமை.

அவர்கள் வங்கியை ஒழிக்கச் சொல்லவில்லை. அங்கேதான் சாமர்த்தியம். கவுண்டிகளும் நகரங்களும் பள்ளி மாவட்டங்களும் தங்கள் பணத்தை விரும்பிய வங்கியில் போட்டுக்கொள்ளலாம் என்று மட்டும் கேட்டார்கள். 'விருப்பம்', 'உள்ளூர்' என்ற இரண்டு சொற்கள். கிராம்சி பேசும் பொதுப்புத்தி இங்கே வேலை செய்கிறது. உள்ளூர் வங்கி விவசாயியை வட்டியால் அறுத்தது உண்மை. ஆனால் அந்த வங்கிக்காரரின் பிள்ளை தன் பிள்ளையோடு அதே பள்ளிக்கூடத்தில் படிக்கிறது என்பதும் உண்மை. கஷ்ட காலத்தில் தவணை தள்ளிவைக்கக் கேட்டு நிற்பதற்கு ஒரு முகம் வேண்டும். பிஸ்மார்க்குக்கு முகமில்லை. லீக்குக்கு வாக்களித்த விவசாயிகளில் ஒரு பகுதியினர் இந்த விஷயத்தில் எதிர்த்தரப்போடு நின்றிருந்தாலன்றி அன்று ஃப்ரேசியரும் அந்த முன்மொழிவும் ஒருசேர வென்றிருக்க முடியாது. அவர்களை ஏமாளிகள் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். நான் அப்படி நினைக்கவில்லை.

விளைவு பயங்கரமாக இருந்தது. 1920 இலையுதிர்காலத்தில் போர்க்கால விலைகள் சரிந்து கோதுமை விழுந்துகொண்டிருந்த நேரம். முன்மொழிவு வென்றதும் உள்ளூர்ப் பொருளாளர்கள் பிஸ்மார்க்கிலிருந்து பணத்தை எடுக்கத் தொடங்கினார்கள். அதைக் கொடுக்க, மாநில வங்கி சிற்றூர் வங்கிகளில் தான் போட்டிருந்த வைப்புகளைத் திரும்பக் கேட்டது. சிற்றூர் வங்கிகளிடம் பணம் இல்லை. அது விவசாயிகளின் கடனாக வயலில் கிடந்தது. வயலில் விளைந்ததை விற்றால் கடன் அடையாது. பல ஊர்களில் வங்கிகள் கதவை மூடின. உள்ளூர் வங்கியைக் காப்பாற்ற என்று போட்ட வாக்கு உள்ளூர் வங்கிகளை இழுத்து மூடியது. இதை லீக்காரர்கள் ஒரு பழிவாங்கும் திருப்தியோடு சொல்வதுண்டு. ஆனால் கட்டாயப் பிரிவு நீடித்திருந்தால் மட்டும் கோதுமை விலை ஏறியிருக்குமா? விலை வீழ்ச்சியின் பாரம் யார் தலையில், எந்த வேகத்தில் இறங்குவது என்பதைத்தான் அந்தப் பிரிவு தீர்மானித்திருக்கும்.

1921 அக்டோபர் 28ல் ஃப்ரேசியரும் அட்டர்னி ஜெனரல் வில்லியம் லெம்கேயும் ஆணையர் ஜான் ஹேகனும் திரும்ப அழைக்கப்பட்டார்கள். அமெரிக்க வரலாற்றில் அப்படி இறக்கப்பட்ட முதல் ஆளுநர் ஃப்ரேசியர். (அடுத்த ஆண்டே அவரை செனட்டுக்கு அனுப்பியது அதே மாநிலம்.) அதே வாக்கெடுப்பில் வங்கியைக் கலைக்கும் யோசனை தோற்றது.

பத்தாண்டு கழித்துப் பெருமந்தம் வந்தபோது பள்ளிப் பணத்தின் கேள்வி வேறு உருவத்தில் எழுந்தது. வரி வராத பள்ளி மாவட்டங்கள் ஆசிரியர்களுக்குச் சம்பளத்துக்குப் பதில் 'வாரண்ட்' கொடுத்தன. நமக்கு வாரண்ட் என்றால் போலீஸ்தான் ஞாபகம் வரும். இது பணம் வந்தபிறகு தருகிறோம் என்று எழுதிய சீட்டு. அதை வங்கியிலோ கடையிலோ கொடுத்தால் கழிவு பிடித்துக்கொண்டுதான் காசு தருவார்கள். டகோட்டாவில் மாநில வங்கி ஆசிரியர்களின் சீட்டுகளை முழு மதிப்புக்கு எடுத்துக்கொண்டதாக அந்த வங்கியின் வரலாற்றைச் சொல்பவர்கள் சொல்கிறார்கள்.

இதைச் சிகாகோவோடு வைத்துப் பார்க்க வேண்டும். அங்கே 1931லிருந்து இரண்டாண்டுகள் ஆசிரியர்களுக்குப் பெரும்பாலான மாதங்கள் ரொக்கச் சம்பளம் இல்லை. பள்ளி வாரியத்தின் வரி முன்பத்திரங்களை வங்கிகள் வாங்க மறுத்தன; வாங்க வேண்டுமானால் செலவைக் குறை என்றன. 1933 ஏப்ரலில் ஆயிரக்கணக்கான ஆசிரியைகளும் ஆசிரியர்களும் நகரின் பெரிய வங்கிகளுக்குள் புகுந்தார்கள். அவற்றில் ஒன்று சார்லஸ் டாஸின் வங்கி. அமெரிக்காவின் முன்னாள் துணை ஜனாதிபதி, நோபல் சமாதானப் பரிசு வாங்கியவர். முந்தின ஆண்டுதான் அவருடைய முந்தைய வங்கியைக் காப்பாற்ற மத்திய அரசு நிறுவனம் 9 கோடி டாலர் கடன் கொடுத்திருந்தது. இந்த நகரத்துப் பள்ளிகளுக்கு ஒருகாலத்தில் சொந்த நிலம் இருந்தது என்பது கூடுதல் கசப்பு. சிகாகோவின் மையத்தில் ஒரு முழுச் சதுர மைல், பள்ளிக்கென்றே ஒதுக்கப்பட்டது. 1833ல் அதன் 142 மனைத்தொகுதிகளில் நான்கைத் தவிர எல்லாவற்றையும் விற்றுத் தீர்த்தார்கள்.

நிலம் என்றதும் இந்தக் கதையின் பெரிய மௌனத்துக்கு வர வேண்டியிருக்கிறது. 1785 நிலச் சட்டத்திலிருந்து ஒவ்வொரு டவுன்ஷிப்பிலும் 16ஆம் பகுதி பள்ளிக்கு. வடக்கு டகோட்டா 1889ல் மாநிலமானபோது 16, 36 ஆகிய இரண்டு பகுதிகளும் பள்ளிக்கு. ஏக்கர் 10 டாலருக்குக் கீழே விற்கக் கூடாது என்று நிபந்தனை. விற்ற பணம் நிரந்தர நிதி. அதன் வருமானம் பள்ளிகளுக்கு. யாருடைய நிலம்? டகோட்டா, லகோட்டா, மண்டான், ஹிடாட்சா, அரிக்காரா மக்களுடையது. அவர்களுடைய பிள்ளைகளுக்கென்று 1890களில் டாட்டன் கோட்டையில், படை காலிசெய்த கட்டடங்களில், மத்திய அரசு உறைவிடப் பள்ளி நடத்தியது. மினியாபொலிஸ் சுரண்டலுக்கு எதிரான லீக்கின் எதிர்க்கதையாடலில் நிலத்தின் இந்த முன்கதை எனக்குத் தென்படவில்லை. 'நம்ம காசு' என்பதன் ஒரு பகுதி அப்படி வந்த காசு.

கருவி யார் கைக்கும் போகும் என்பதையும் பார்த்துவிட்டோம். தென்னாப்பிரிக்க நிறவெறி அரசுக்கு எதிரான இயக்கம் 1970களின் கடைசியிலிருந்து மாநிலங்களையும் நகரங்களையும் அசைத்தது. 1979ல் பெர்க்லி நகர வாக்காளர்கள் நகரப் பணத்தை அந்த உறவிலிருந்து விலக்கினார்கள். 1984ல் நெப்ராஸ்காவில் எர்னி சேம்பர்ஸ் போராடிச் சட்டம் கொண்டுவந்தார். பொதுப்பணத்துக்கு மனசாட்சி உண்டு என்ற வாதம் அன்று இடதுசாரிகளுடையது. 2021ல் டெக்சாஸ் அதே வாதத்தைத் திருப்பிப் போட்டது. பெட்ரோலியத் தொழிலைப் 'புறக்கணிக்கும்' நிதி நிறுவனங்களோடும், துப்பாக்கித் தொழிலுக்குப் 'பாகுபாடு' காட்டும் நிறுவனங்களோடும் அரசு அமைப்புகள் ஒப்பந்தம் செய்யக் கூடாது என்று இரண்டு சட்டங்கள். பள்ளி மாவட்டங்களும் இதற்குள் அடங்கும். கட்டடம் கட்டக் கடன் பத்திரம் வெளியிடும் பள்ளி மாவட்டம், வழக்கமாகப் பத்திரத்தை எடுத்துக்கொண்டிருந்த பெரிய வங்கிகள் சில விலகியதால், இருக்கிற வங்கிகளின் விலைக்கு ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. டேனியல் காரெட், இவான் இவானோவ் இருவரும் 2022ல் வெளியிட்ட ஆய்வின்படி முதல் எட்டு மாதங்களில் டெக்சாஸ் உள்ளாட்சிகள் வாங்கிய கடனுக்குக் கூடுதல் வட்டி மட்டும் 30.3 கோடி முதல் 53.2 கோடி டாலர்வரை. 2024 மார்ச்சில் மாநிலத்தின் நிரந்தரப் பள்ளி நிதி பிளாக்ராக் நிறுவனத்திடமிருந்து 850 கோடி டாலரை எடுக்கப்போவதாக அறிவித்தது. 2025 ஜூனில் பிளாக்ராக் மாநிலத்தின் கறுப்புப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டுவிட்டது. இடைப்பட்ட காலத்து வட்டியைப் பள்ளிக்கூடங்கள்தான் கட்ட வேண்டும்.

2016ல் வடக்கு டகோட்டாவின் ஸ்டாண்டிங் ராக் மக்கள் தங்கள் குடிநீருக்கு அருகே எண்ணெய்க் குழாய் போடுவதை எதிர்த்து முகாமிட்டார்கள். குழாய்த் திட்டத்துக்குக் கடன் கொடுத்த வங்கிகளில் வெல்ஸ் ஃபார்கோவும் ஒன்று. 2017 பிப்ரவரியில் சியாட்டில் நகரசபை ஒருமனதாகத் தீர்மானம் போட்டது: வருஷத்துக்கு 300 கோடி டாலர் புழங்கும் நம் கணக்கை அந்த வங்கியிலிருந்து எடுப்போம். அரங்கத்தில் ஆரவாரம். 2018ல் புதிய ஒப்பந்தத்துக்கு ஏலம் கேட்டபோது வேறு எந்த வங்கியும் தோதாக முன்வரவில்லை. நகரம் வெல்ஸ் ஃபார்கோவோடு ஒப்பந்தத்தை நீட்டித்தது. அதற்குப் பிறகு, அரசே வங்கி நடத்தினால் என்ன என்ற பேச்சு மேற்குக் கடற்கரையில் வலுத்தது. 2019 அக்டோபரில் கலிபோர்னியா உள்ளாட்சிகள் சொந்த வங்கி தொடங்கச் சட்டம் இடம் கொடுத்தது. இந்த வாதங்கள் எல்லாவற்றிலும் உதாரணம் ஒன்றுதான்: பிஸ்மார்க் வங்கி, 1919.

ஸ்டாண்டிங் ராக் முகாமைச் சுற்றிக் காவல் படைகளை நிறுத்த வடக்கு டகோட்டா அரசுக்குப் பணம் போதவில்லை. 2016 செப்டம்பரில் 60 லட்சம் டாலர், நவம்பரில் மேலும் 40 லட்சம் டாலர் கடன் வாங்க மாநிலத்தின் அவசரநிலை ஆணையம் ஒப்புதல் கொடுத்தது. கடன் கொடுத்தது விவசாயிகள் கட்டிய அதே வங்கி.